ஏழாம் நம்பர் கூடு

மே 19, திங்கள்

எங்கள் வெல்டிங் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. தேதி, துண்டின் எண், நேரம், அழுத்தம், குறை இருந்தால் அதற்குக் காரணம். எரிச்சலுக்கென்று ஒரு கட்டம் இல்லை. அதனால் என் மகள் பூரணிக்குப் போன வருடம் வாங்கி மிஞ்சிய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். இது என் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் கிடக்கும். எட்டு வருடமாக ஒரே மெஷினோடு மாரடிக்கிறவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

தூத்துக்குடித் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கூரை, அதற்குள் நாங்கள் மூன்று பேர். கோயில்பிள்ளை சார் முதலாளி. இரண்டு த்ரீடி பிரின்டர்களையும் ஓட்டுவது, கரண்ட் ஆபீசுக்கு அலைவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவரே. பிரகாசி அக்கா உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மெருகு போடுவாள். நான் இசக்கியம்மாள், வெல்டிங்.

புது வேலை வந்திருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கருவி. ஆபத்தில் பொத்தானை அமுக்கினால் கரைக்குச் செய்தி போகும். கருவி வெளியூரிலிருந்து வருகிறது. தண்ணீர் புகாத கூடு செய்வது எங்கள் பொறுப்பு. முதலில் நாற்பது. நாற்பதுக்காக அச்சு வெட்ட முடியாது என்பதால் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் பிரின்டரில் வரும். திருகாணி போட்டால் உப்பு தின்றுவிடும், பசை போட்டால் வெயிலில் விட்டுவிடும். ஆகவே அல்ட்ராசோனிக் வெல்டிங்.

அதில் நெருப்பும் கிடையாது, பொறியும் கிடையாது. ஹார்ன் என்கிற உலோகக் கட்டை மேலிருந்து இறங்கி அமுக்கி, நொடிக்கு இருபதாயிரம் தடவை அதிரும். கீழ்ப் பாதியின் விளிம்பைச் சுற்றி அரை மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு கூரான மேடு ஓடுகிறது. அதிர்வெல்லாம் அதில் போய்க் குவியும். அது உருகி இரண்டு பாதியையும் ஒன்றாக்கிவிடும். புத்தகத்தில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. சாரும் நானும் வரப்பு என்போம். பார்த்தால் பிரின்டர் விட்டுவைத்த பிசிறு மாதிரிதான் தெரியும். ஆனால் அது இல்லையென்றால் மெஷின் வெறுமனே சத்தம் போடும், அவ்வளவுதான்.

மாதிரிக்கு ஐந்து செய்தோம். ஒவ்வொன்றுக்கும் அரை நொடிக்குக் கொஞ்சம் கூட, ஒரு ‘கீச்’. உள்ளே டிஷ்யூ பேப்பரில் நீல ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்து, உப்புத் தண்ணீர் டிரம்மில் மூன்று நாள் அமுக்கி வைத்திருந்தோம். இன்று அறுத்துப் பார்த்தோம். போட்ட கோடு போட்டபடி இருந்தது. சார் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கித் தந்தார்.

மீன்பிடித் தடை ஜூன் 14-ம் தேதியோடு முடிகிறது. 15 ஞாயிறு, இங்கே ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். 16 திங்கள் காலை படகுகள் போகும்போது நாற்பதும் அவர்கள் இடுப்பில் இருக்க வேண்டும்.

மே 21, புதன்

மீனவர் சங்கத்திலிருந்து ரெமிஜியுஸ் அண்ணன் வந்து மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை. பிரின்டர் அடுக்கடுக்காகப் போட்ட கோடுகள் வெளியே சொரசொரவென்று இருக்கின்றன. கையோடு கொண்டுவந்த வலைத் துண்டை அதன்மேல் இழுத்துக் காட்டினார். நூல் மாட்டிக்கொண்டது. வலை இழுக்கிற நேரத்தில் இடுப்பில் இப்படி மாட்டினால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார். நியாயம்தான். மாதிரிகளை அக்கா தொடவே இல்லை, அறுக்கப்போகிற பொருள் தானே என்று விட்டிருந்தோம். இனி நாற்பதையும் மெருகு போட வேண்டும்.

மே 22, வியாழன்

காலையில் குழாயில் காற்று மட்டும் வந்தது. என் வீட்டுக்காரர் மோட்டார் போட்டதாகச் சொல்கிறார். மோட்டாருக்கு அது தெரியவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டேன். வியர்க்க விறுவிறுக்க வந்தால் அக்கா இன்னும் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். ரேஷன் கடையில் மெஷின் அவள் ரேகையை ஏற்கவில்லையாம். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்களாம். எனக்கு என்றால் எப்போதும் ஒரே தடவையில் விழுந்துவிடும். சும்மா ஒரு சாக்கு.

ரெமிஜியுஸ் சொன்னதைச் சொன்னேன். நகம் மாட்டக் கூடாது, எங்கேயும் மாட்டக் கூடாது என்றேன். உள்பக்கமுமா என்று கேட்டாள். எல்லாப் பக்கமும்தான், சீக்கிரம் ஆரம்பிங்க என்று சொல்லிவிட்டு ஹார்னைத் துடைக்கப் போய்விட்டேன்.

வெங்காயம் வாங்க மறந்துவிட்டேன். நாளைக்கு மறக்கக் கூடாது.

மே 24, சனி

அக்கா கை வைத்தால் பிளாஸ்டிக் கூழாங்கல் ஆகிவிடுகிறது. முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நைசுத் தாள், கடைசியில் தண்ணீர் தொட்டு ஒரு சுற்று. இந்த வேலையில் வழக்கத்தைவிட மெனக்கெடுகிறாள். கேட்டதற்கு, முதல் நாற்பது பேர் பட்டியலில் தன் வீட்டுக்காரர் சூசை அண்ணன் பெயரும் இருப்பதாகச் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்ததே குறைவு.

மே 26, திங்கள்

இன்று பதினான்கு கூடு. பத்து கருவியோடு, நான்கு டிரம் சோதனைக்கு.

சத்தம் சரியில்லை. போன வாரம் ‘கீச்’ என்று ஒரு சத்தம், வேலை முடிந்தது. இன்று இழுத்து இழுத்து அழுகிறது. மீட்டரில் நேரம் ஒரு நொடிக்கு மேல் காட்டுகிறது. வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். பக்கத்து ஷெட்டில் ஐஸ் பெட்டி செய்கிறவர்கள் புது மோட்டார் போட்டிருக்கிறார்கள். ஒட்டியது என்னவோ ஒட்டிவிட்டது. இரண்டு கையாலும் பிய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. பதிவேட்டில் நேரத்தை எழுதினேன். ஏன் கூடியது என்று யாரும் கேட்கவில்லை.

மே 27, செவ்வாய்

டிரம் முடிவு வரும்வரை பொறுக்க வேண்டும் என்பது சாரே எழுதி ஒட்டிய விதி. ரெமிஜியுஸ் ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றதும் சார் பத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆட்களுக்குப் பழக்கிக் காட்ட வேண்டுமாம். இவருக்கு அவசரம் வந்தால் மூளை முதலில் வீட்டுக்குப் போய்விடும், ஆள் மட்டும் இங்கே நிற்பார். மீட்டர் விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

மே 29, வியாழன்

நான்கில் மூன்று நனைந்துவிட்டது. நீலம் பேப்பர் முழுக்கப் பரவி, கோடு இருந்த இடமே தெரியவில்லை.

மே 30, வெள்ளி

பிளாஸ்டிக் ஈரம் குடித்திருக்கும் என்று ஓவனில் நான்கு மணி நேரம் காய வைத்தேன். அப்படியும் ஒரு நொடிக்கு மேல்தான்.

மே 31, சனி

அழுத்தத்தைக் கூட்டினேன். மேல் மூடியில் ஹார்னின் தடம் விழுந்தது. இன்னும் கூட்டினேன், மூடி விரிந்துவிட்டது. சார் பிரின்டரைச் சந்தேகப்படுகிறார். உள்ளே இடைவெளி விட்டு அடுக்குகிறதாம், அதிர்வை அந்த இடைவெளி விழுங்கிவிடுகிறதாம். ஒன்றைக் குறுக்கே அறுத்துக் காட்டினேன், கல் மாதிரி கெட்டியாக இருந்தது. அவர் பிரின்டரைச் சொல்கிறார், நான் பிளாஸ்டிக்கைச் சொல்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து மின்வாரியத்தைச் சொல்கிறோம். அக்கா தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

வீட்டில் பூரணியின் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். பதினாறு நோட்டு. பத்தாவது நோட்டில் கணக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் அழுத்தம் என்று எழுதிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று எழுதியது பொய். எழுத இருந்தது.

அறுத்துப் போட்ட மாதிரிகளில் ஒன்றையும் இந்த வாரத்துக் கீழ்ப் பாதி ஒன்றையும் நேற்று மதியம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினேன். மாதிரியில், வெல்டிங்குக்கு எட்டாமல் ஓரமாக நின்றுபோன வரப்பு நகத்தில் தட்டியது. இதில் நகம் கண்ணாடியில் போவதுபோல் போனது. அடுத்ததை எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். அலமாரியில் இருந்த அத்தனையிலும் வரப்பு இல்லை. அக்கா தேய்த்துவிட்டாள்.

உருக வேண்டிய மேடே இல்லாமல் தட்டையும் தட்டையும் உரசி, அங்கங்கே திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. கையால் பிய்த்தால் வராது. தண்ணீருக்கு அந்த இடைவெளி தாராளம். பதினான்கையும் என் கையால்தான் மெஷினில் உட்கார வைத்தேன். ஒன்றில்கூட நகம் வைத்துப் பார்க்கவில்லை.

இன்று காலை சாரிடம் காட்டினேன். அவர் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. யார் தேய்த்தது என்று கேட்டார். தான்தான் என்றாள் அக்கா.

“தேய்க்கச் சொல்லி யாரு சொன்னா?” என்றார் சார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அப்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சார் சொன்னதும் டிபன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார். ‘மெருகு வேலையில் தவறு’ என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் சொன்னது வெளிப்பக்கத்துக்கு. இரண்டு வருடம் இங்கே வேலை பார்க்கிறவளுக்கு எதைத் தேய்ப்பது, எதை விடுவது என்று தெரிய வேண்டாமா? சந்தேகம் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

கீழ்ப் பாதி நாற்பதும் புதிதாக ஓடுகின்றன. ஒன்றுக்கு நான்கு மணி நேரம், இரண்டு பிரின்டர், நடுவில் கரண்ட் போனால் பாதியில் நின்றதைக் குப்பையில் போட வேண்டும். சார் ஷெட்டிலேயே பாய் போட்டுவிட்டார். மெருகுக்கு ஆள் இல்லை. வெளிப்பக்கம் மட்டும் தானே, நானே தேய்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

காலையிலிருந்து மாலை வரை தேய்த்ததில் நான்கு முடிந்தது. அக்கா ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முடிப்பாள். விளிம்பு வந்ததும் கை தானாக நின்றுவிடுகிறது.

ஜூன் 7, சனி

புதுக் கீழ்ப் பாதியில் முதல் வெல்டிங். ‘கீச்.’ அரை நொடிக்குக் கொஞ்சம் கூட. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். நான்கை டிரம்மில் போட்டாயிற்று.

வீட்டில் எதைத் தொட்டாலும் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன் என்று பூரணி சொல்கிறாள். சாப்பாட்டுத் தட்டு, டிவி ரிமோட், அவள் ஜியோமெட்ரி பாக்ஸ். நிறுத்தும்மா, பல்லு கூசுது என்றாள். பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் ஓட்டியபோது பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

ஜூன் 9, திங்கள்

கொடுத்த பத்தையும் திருப்பித் தரச் சொல்லியிருந்தோம். ஒரு சின்ன மாற்றம் என்று மட்டும் சார் சொல்லியிருந்தார். ரெமிஜியுஸ் ஒன்பதைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏழாம் நம்பர் சூசையிடம் இருக்கிறதாம்.

“ஒங்க பிரகாசி வீட்டுக்காரருதானே, நீங்களே கேட்டு வாங்கிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சார் என்னைப் பார்த்தார். அவர் முகத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. வேலையை விட்டு அனுப்பியவள் வீட்டுக்கு அவர் எப்படிப் போவார்? நீ போய் வாங்கிக்கொண்டு வா, உனக்குத் தானே பழக்கம் என்றார். நாளைக்குப் போகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

டிரம்மில் இருந்த நான்கும் உலர்ந்து வந்தன. நான்கு பேப்பரிலும் நீலக் கோடு நேராக இருக்கிறது. இன்று வெல்டிங் வேலை நிறைய இருந்தது. நாளைக்குப் போகிறேன்.

ஜூன் 11, புதன்

போகவில்லை. கேஸ் சிலிண்டர் வருகிற நாள். வீட்டில் ஆள் இல்லையென்றால் திருப்பிக் கொண்டுபோய்விடுவான்.

சிலிண்டர்காரனுக்கு நம்பர் காட்டக் கைபேசியை எடுத்தால் என் விரலை அதற்கு அடையாளம் தெரியவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன். அடுத்த விரலை வைத்தேன். ஒன்றையும் ஏற்கவில்லை. நான்கைந்து நாள் தேய்த்ததற்கே விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிட்டது. சிலிண்டர்காரன் வாசலில் காத்துக்கொண்டு நிற்க, நான் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஏழாம் நம்பர் என்ன ஆயிற்று என்று சார் கேட்டார். சொல்லியாச்சு சார், தாரோம்னு சொல்லிட்டாவ என்றேன். நாளைக்குப் போய்விட்டால் அது உண்மையாகிவிடும்.

ஜூன் 13, வெள்ளி

அக்காவுக்கு போன் போட்டேன். இரண்டு தடவை மணி அடித்ததும் நானே கட் பண்ணிவிட்டேன். அவள் திருப்பிக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

முப்பத்தொன்பது கூடுகளை எண்ணி ரெமிஜியுஸிடம் கொடுத்தாயிற்று. மிச்சம் இருக்கும் புது ஏழாம் நம்பர், உபரியாக வந்த கருவி போட்டு ஒட்டியது, என் பையில் இருக்கிறது.

மதியம் சாப்பிடப் பிடிக்காமல் இந்த நோட்டைப் புரட்டினேன். என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் புரட்டினேன். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஜூன் 3-ல் எழுதியிருக்கிறேனே, அதை இன்னொரு தடவை படித்தால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். பின்னால் போய்க்கொண்டே இருந்தவள் மே 22-ல் நின்றுவிட்டேன். உள்பக்கமுமா என்று கேட்டாள். நீல மையில், என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் என் பதிலும் இருக்கிறது.

கேட்டிருக்கிறாள். அவளுக்கு வரப்பு என்று ஒன்று இருப்பதையே நாங்கள் யாரும் காட்டியதில்லை. காட்டாமலேயே, கையில் ஏதோ உறுத்திக் கேட்டிருக்கிறாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னேன். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஜூன் 3-ம் தேதி நான் பார்த்துக்கொண்டிருந்தேனே ஒரு மீட்டர், அது அணைந்திருந்தது.

இன்றே போயிருக்க வேண்டும். எங்கள் தெரு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே குளித்துவிட்டேன். பிறகு வீட்டைக் கூட்டினேன். கூட்டிய வீட்டை மறுபடி கூட்டினேன். நீ எங்கேயாவது போக வேண்டியிருக்கா என்று இவர் கேட்டார். பதினொரு மணிக்குக் கிளம்பினேன்.

கடற்கரைத் தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். இரண்டு மாதம் கழித்து மறுநாள் கடல். கயிறு சுற்றுகிறார்கள், படகுக்கு ஐஸ் ஏற்றுவதைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். அக்கா வீட்டு வாசலில் சூசை அண்ணன் உட்கார்ந்து மிதவைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். உள்ளே பார்த்து ஒங்க இசக்கி வந்திருக்கு என்று குரல் கொடுத்தார். அக்கா வந்து கதவோரம் நின்றாள். வா என்றாள்.

வேலை எப்போது மறுபடி ஆரம்பிக்கிறது என்று அண்ணன் என்னிடம் கேட்டார். சரக்கு இல்லாததால் பத்துப் பதினைந்து நாள் லீவு என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஏழாம் நம்பர் கூடு வாசல் ஆணியில் தொங்கியது. வலை நூலை மூன்று புரியாக முறுக்கி, இடுப்பில் கட்ட வாகாக ஒரு கயிறு பின்னியிருந்தது. அக்காவின் கைவேலை. நான் பையிலிருந்து புதியதை எடுத்து, சின்ன மாற்றம் செய்திருக்கிறோம், இதை வைத்துக்கொண்டு அதைத் தாருங்கள் என்றேன். இவ்வளவு நாள் தள்ளிப்போட்டது இதற்குத்தானா, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அண்ணன் இரண்டையும் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். புதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இது சொரசொரன்னுல்லா இருக்கு. எனக்கு இதே போதும். இவ தேய்ச்சதுல்லா, பாருங்க, எவ்வளவு நைசா இருக்கு.”

மாற்றம் முக்கியமானது என்றேன். பரவாயில்லை என்றார். சார் கேட்பார் என்றேன். சாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சொல்லிவிட்டுப் பழையதை இடுப்பில் வைத்து அளவு பார்த்தார். நாளைக்கு விடியும்போது அது அந்த இடுப்பில் கடலுக்குள் போகும். விழுந்தால் பொத்தானை அமுக்குவார். உள்ளே தண்ணீர் போயிருக்கும்.

“அண்ணே, அது தண்ணி குடிக்கும். சேராத கூடு. தேய்க்கக் கூடாத இடத்துல தேய்ச்சிருக்கு.”

அவர் கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அன்று ஷெட்டில் பார்த்தாளே, அதே பார்வை. அந்த வாசலில் நான் பார்ப்பதற்கு மீட்டர் ஒன்றும் இல்லை.

“நான்தாண்ணே தேய்க்கச் சொன்னேன். அக்கா எங்கிட்ட கேட்டாவ. உள்பக்கமுமான்னு கேட்டாவ. நான் திரும்பிக்கூடப் பாக்காம ஆமான்னுட்டேன். அதுக்குத்தான் சார் அக்காவ வேலைய விட்டு நிறுத்திட்டாரு. லீவெல்லாம் இல்ல.”

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அண்ணன் பழைய கூட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் ஆனது. புதியதில் அதைக் கட்டப் போனார். அக்கா வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். சுற்றிலும் கட்டைவிரலை ஓட்டினாள். ஒரு மூலையில் விரல் நின்றது. உள்ளே போய் ஒரு துண்டு உப்புத்தாள் எடுத்துவந்து, படியில் உட்கார்ந்து, நான் பத்து நாளில் கற்றுக்கொள்ளாததை இரண்டு நிமிடத்தில் முடித்தாள்.

“எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட வந்து சொல்லுத” என்றாள் தாளைத் தட்டிக்கொண்டே. “எங்க சொல்லணுமோ அங்க சொல்லு.”

காபி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. ஆனால் பழைய ஏழாம் நம்பரை வெறும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று ஒரு மஞ்சள் பை கொடுத்தாள்.

ஜூன் 16, திங்கள்

படகுகள் போய்விட்டன. பஸ்ஸில் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள்.

பதிவேட்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை ஒற்றைக் கோடாக அடித்துவிட்டு, ‘தவறான உத்தரவு, இசக்கியம்மாள்’ என்று எழுதினேன். சார் இன்னும் வரவில்லை. வந்தவுடன் வாயால் சொல்லத்தான் நினைத்தேன். எனக்கு என் வாயைத் தெரியும். பாதி சொல்வதற்குள் ரேஷன் கடை, மோட்டார், பஸ் என்று நியாயம் பேச ஆரம்பித்துவிடும். அதனால் இந்த நோட்டையே அவர் மேசையில் வைக்கப்போகிறேன். மே 22-ல் பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகியிருக்கிறேன்.

மற்ற பக்கங்களையும் அவர் படிப்பார். மூளை வீட்டுக்குப் போவது பற்றி எழுதியது உள்ளே இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 19, வியாழன்

நோட்டு இன்றுதான் கைக்கு வந்தது. மே 27-ம் தேதிப் பக்கத்தில், அந்த வரிக்குப் பக்கத்தில், பென்சிலால் ‘உண்மை’ என்று எழுதியிருக்கிறார். வேறு எங்கும் ஒன்றும் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை அவரே அக்கா வீட்டுக்குப் போய்வந்தாராம். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் ஐந்து வார்த்தைக்கு மேல் பேசுவதும் இல்லை.

அக்கா இன்று வேலைக்கு வந்தாள். நான் வரப்பு இருந்த ஒரு கீழ்ப் பாதியை அவள் முன்னால் வைத்து, இதுதான் என்று காட்டினேன். நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ம் என்றாள். அப்புறம் தன் மேசைக்குப் போய்விட்டாள். கோபம் போகவில்லை, போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த தொகுதிக்கு ஓடியதில் முதல் துண்டை எடுத்தாள். எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“உள்பக்கமுமா?”

ஹார்னைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். வைத்துவிட்டு எழுந்து போனேன். துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, இதுவரைக்கும், இதற்கு மேல் வேண்டாம் என்று விரல் வைத்துக் காட்டினேன். தலையாட்டினாள். முக்கால் மணி நேரம் கழித்து அடுத்த துண்டை எடுத்தாள். அதே வடிவம், அதே விளிம்பு. மறுபடியும் கூப்பிட்டாள், மறுபடியும் அதே கேள்வி.

இன்று மட்டும் பதினொரு தடவை கேட்டாள். பதினொரு தடவையும் எழுந்து போய், பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.